சார்ட் பேப்பரால் பல் துலக்க முடியாது

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களும், வீட்டில் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளை இருப்பவர்களும் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

மார்ச் 20 உலக வாய் சுகாதார தினம். வருஷா வருஷம் அந்த வாரத்தில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெர்மகோலில் வெட்டிய ஆளுயர பிரஷ். பல் வடிவ முகமூடி கட்டி நிற்கும் எல்.கே.ஜி. பிள்ளைகள். "பல் போனால் சொல் போச்சு" என்று எழுதிய சார்ட். மைக் பிடித்தபடி ஒரு டாக்டர். கடைசியாகப் பரிசளிப்புப் படம். இந்த வருஷம் எனக்கு வந்த படம் ஒன்றில், பல் பாதுகாப்பு ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய குழந்தையின் கையில் இருந்தது ஒரு சாக்லேட் டப்பா.

பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? பெயரை மாற்றினால் இன்னும் நூறு பள்ளிக்குப் பொருந்தும்.

36 வருஷம் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். நான் பல் மருத்துவர் இல்லை. ஆனால் எந்தப் பல் மருத்துவரையும்விட அதிகமான பிள்ளைகளின் வாயை, தினமும், மிக அருகில் பார்த்திருக்கிறேன். "அ" சொல்லச் சொன்னால் வாய் முழுக்கத் தெரியும். அந்த உரிமையில் சொல்கிறேன்: சின்னப் பிள்ளைக்குப் பல் சுகாதாரத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது. செய்ய வைக்கத்தான் முடியும். தினமும், ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று, ஃப்ளூரைடு பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைக் கையில் கொடுத்து. அதைச் செய்யாமல் நாம் நடத்துகிற தினமும் வாரமும் போட்டியும் பாட்டும் பெரியவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் உதவும்.

கோபப்படாமல் கேளுங்கள். நம் பாடம் எப்படி இருக்கிறது? "ஒரு நாளைக்கு எத்தனை முறை பல் துலக்க வேண்டும்?" விடை: இரண்டு முறை. இந்தக் கேள்விக்கு மதிப்பெண் வாங்காத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. என்னிடம் படித்த ஒரு பையன், படு சுட்டி. பல் பாடத்தைப் புத்தகத்தில் இருப்பதைவிட அழகாக ஒப்பிப்பான். அவனுடைய மேல் வரிசை முன்பற்கள் நாலும் ஈறோடு ஈறாகக் கரைந்து கறுப்புக் குச்சியாக நின்றன. பரீட்சையில் அவனுக்கு முழு மதிப்பெண். வாய் வாங்கிய மதிப்பெண்ணை யார் திருத்துவது?

அவன் மேல் என்ன குற்றம்? ராத்திரி சர்க்கரை போட்ட பாலை ஃபீடிங் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்து, தூங்கும்வரை விட்டிருக்கிறார்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பாலும் சர்க்கரையும் மேல் பல்லில் தேங்கி நிற்கும். கீழ் முன்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். அதனால்தான் இந்தச் சொத்தை மேல் பல்லில் ஆரம்பிக்கிறது. அந்தப் பையன் "இரண்டு முறை" என்று எழுதக் கற்றுக்கொள்வதற்கு மூன்று வருஷம் முன்பே அவன் பல் போய்விட்டது.

அடுத்து, நம் ஊரில் பிள்ளைகளின் பல்லை அதிகம் கெடுத்த ஒரு வாக்கியம்: "விழுற பல்லுதானே டீச்சர்."

எத்தனை அம்மாக்கள், எத்தனை அப்பாக்கள், எத்தனை ஆயாக்கள்! படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துவிட்டு புதுப் பல்லுக்குக் காத்திருந்த சனம் நாம். பால் பல்லுக்கு மரியாதை கிடையாது.

கணக்கைப் பார்ப்போம். பால் பற்கள் 20. ஆறு மாத வாக்கில் முளைக்க ஆரம்பித்து மூன்று வயதுக்குள் முடிந்துவிடும். முன்பல் ஆறு, ஏழு வயதில் விழும். ஆனால் பால் கடைவாய்ப் பல் விழுவது பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். அதாவது ஒன்றாம் வகுப்பில் சொத்தையான கடைவாய்ப் பல்லோடு அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புவரை சாப்பிட்டாக வேண்டும். வலிக்கிற பக்கம் மெல்லாது. கறி, கடலை, முறுக்கு வேண்டாம் என்று ஒதுக்கும். குழைந்த சோறும் பிஸ்கட்டும் போதும் என்னும். "இது சாப்பாட்டுக்கே அடம் பிடிக்குது டீச்சர்" என்று அம்மா வந்து சொல்வார். வாயைத் திறந்து பார்த்தால் காரணம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

ராத்திரி வலியில் தூங்காத பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கும். நாம் "கவனம் இல்லை" என்று எழுதுவோம். சொத்தை வேர்வரை போய்ச் சீழ் வைத்தால், அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் பாதிக்கப்படலாம். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாயும், அப்புறம் வரும் பல் கோணலாகும். பிற்பாடு கிளிப் போட ஆயிரக்கணக்கில் செலவு. விழுகிற பல் வீட்டைப் பிடித்து வைத்திருந்தால்தான் நிற்கிற பல் குடியேற முடியும்.

இன்னொரு விஷயம். இதை நான் சொன்ன பிறகு போனை வைத்துவிட்டுப் போய்ப் பிள்ளையின் வாயைப் பார்த்த பெற்றோர் நிறையப் பேர். கீழ் வரிசையில் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. பால் பல் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவதாக ஒரு பல் இருந்தால் அது பால் பல் இல்லை. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் அது. எந்தப் பல்லும் விழாததால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதையும் பால் பல் என்று நினைத்துக்கொள்வார்கள். மேலே குழிகுழியாகப் பள்ளம் இருக்கும். முளைத்து வரும்போது மற்றப் பற்களைவிடத் தாழ்ந்து நிற்பதால் பிரஷ் அதன்மேல் படாமலே தாண்டிப் போகும். அறுபது, எழுபது வயதுவரை மென்று தின்ன வேண்டிய பல், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஓட்டை.

"ஆறாவது பல் ஆயுசுப் பல்" என்று என் வகுப்பில் சொல்வோம். கைக்கண்ணாடி ஒன்றைச் சுற்றுக்கு விட்டு ஒவ்வொருவரும் எண்ண வேண்டும். யாருக்கு ஆறாவது வந்திருக்கிறதோ அவர் பெயர் கரும்பலகையில். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன? எண்ணும் பாடமும் ஆயிற்று, பல் பாடமும் ஆயிற்று. இதற்கு தெர்மகோல் வேண்டாம்.

சொத்தை எப்படி வருகிறது என்பதையும் நாம் தப்பாகவே சொல்லிக் கொடுக்கிறோம். கரிய நிறத்தில் கொம்பு முளைத்த பூச்சி பல்லைக் குடைவது போலப் படம் வரைகிறோம். ஏற்கெனவே ஊரில் "பல்லில் புழு" என்ற நம்பிக்கை. கண்டங்கத்திரி விதைப் புகை காட்டிப் புழு எடுப்பவரிடம் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல்லில் புழு கிடையாது. வலி நின்றுவிட்டதே என்பார்கள். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்தாலும் வலி நிற்கும். அது குணம் இல்லை. அடுத்த மாதம் கன்னம் வீங்கும்.

நடப்பது இதுதான். நம் வாயில் எப்போதும் பாக்டீரியா இருக்கிறது. நாம் சர்க்கரை சாப்பிட்டால் அதுவும் சாப்பிட்டு அமிலத்தை விடுகிறது. அமிலம் எனாமலில் இருக்கும் தாது உப்பைக் கரைக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து எச்சில் அந்த அமிலத்தை மட்டுப்படுத்தி, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்கிறது. இதற்கு அரை மணி நேரமாவது ஆகும். ஃப்ளூரைடு இருந்தால் இந்தத் திரும்பச் சேரும் வேலை நன்றாக நடக்கும். அவ்வளவுதான் விஞ்ஞானம். ஒன்றாம் வகுப்புக்கே புரியும்.

புரிய வைக்க ஒரு வழி: சத்துணவில் முட்டை போடுகிறார்கள். உரித்த ஓட்டை எடுத்து ஒரு டம்ளர் வினிகரில் போடுங்கள். உடனே குமிழ் குமிழாகப் பொங்கும். இரண்டு நாளில் ஓடு கரைந்து, உள்ளே ஒட்டியிருந்த சவ்வு மட்டும் மிஞ்சும். முட்டை ஓடும் பல்லும் ஒரே பொருள் இல்லை. ஆனால் இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு, இரண்டும் அமிலத்தில் கரையும். அந்தச் சவ்வை விரலால் தொட்டுப் பார்த்த பிள்ளை மறக்காது.

இதிலிருந்து பெரியவர்களுக்கு ஒரு பாடம் வருகிறது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். சராசரிப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் டீயில் தொட்டு பிஸ்கட். பள்ளி வாசல் கடையில் ஜவ்வு மிட்டாய். இன்டர்வெலில் ஒரு டாஃபி. சாயங்காலம் வந்ததும் பிஸ்கட். டியூஷன் போகும்போது தேன் மிட்டாய். ராத்திரி சர்க்கரைப் பால். ஆறு தடவை அமிலம், ஆறு தடவையும் அரை மணி நேரம். எச்சில் பாவம் எப்போதுதான் வேலை செய்யும்? அதே மிட்டாய் எல்லாவற்றையும் மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றிருந்தால் ஒரே தடவையோடு போயிருக்கும்.

இது நானாகச் சொல்வது இல்லை. ஸ்வீடனில் விபெஹோல்ம் என்ற நிலையத்தில், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளை அவர்கள் சம்மதம் இல்லாமலே வைத்து 1940-களில் சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை, இன்னொரு பிரிவினருக்குச் சாப்பாட்டுக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாஃபி. நடுவே டாஃபி தின்றவர்களின் பல் மோசமாகக் கெட்டது. 1954-ல் முடிவுகள் வெளிவந்தன. இன்று எந்த நாடும் அனுமதிக்காத அநியாயமான சோதனை. ஆனால் அந்த ஜனங்கள் பல்லைக் கொடுத்து வாங்கித் தந்த பாடத்தை ஸ்வீடன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு மிட்டாய் வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை என்று பழக்கிவிட்டார்கள். இன்றும் அங்கே சனிக்கிழமை மிட்டாய் என்றே பெயர்.

நாம்? பிறந்தநாள் மிட்டாய் என்று வைத்திருக்கிறோம். வகுப்பில் 40 பிள்ளைகள். விடுமுறையில் வருகிற பிறந்தநாள்களைக் கழித்து 30 என்று வைப்போம். 30 நாள், தலைக்கு ஒன்று, மொத்தம் 1200 மிட்டாய். இரண்டு ரூபாய் மிட்டாய் என்றால் 2400 ரூபாய். இப்போது ஐந்து ரூபாய்க்குக் குறைந்தால் கௌரவக் குறைச்சலாம், அப்படியானால் 6000 ரூபாய்.

இந்தப் பக்கம் வாருங்கள். மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு தடவைக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும், கிட்டத்தட்ட கால் கிராம். (விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருள் சுருளாக வைப்பது வியாபாரம்.) 40 பிள்ளைக்கு நாளைக்கு 10 கிராம். 200 நாளுக்கு 2 கிலோ. 100 கிராம் டியூப் 60 ரூபாய் என்றால் 20 டியூப் 1200 ரூபாய். வருஷத்துக்கு ஆளுக்கு மூன்று பிரஷ், ஒன்று 15 ரூபாய் என்றால் 1800 ரூபாய். மொத்தம் 3000. தலைக்கு 75 ரூபாய். ஒரு வருஷத்துக்கு!

ஐந்து ரூபாய் சாக்லேட்டுக்குச் செலவாகும் பணத்தில் பாதி போதும், வகுப்பே வருஷம் முழுக்கப் பல் துலக்கலாம். இனிமேல் "பணத்துக்கு எங்கே போவது" என்று யாரும் கேட்காதீர்கள்.

பள்ளி வாசல் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி போட்டிருக்கிறது. 50 மீட்டரை உங்கள் பள்ளி வாசலிலிருந்து நடந்து பாருங்கள். எத்தனை ஜாடி எண்ணினீர்கள்? 2025-ல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரை பற்றிய தகவல் பலகை வைக்கச் சொன்னது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் பலகையைப் படித்துவிட்டுப் பிள்ளை மிட்டாயைக் கீழே போடும் என்று நினைத்தால், நீங்கள் ஒரு நாளும் ஒன்றாம் வகுப்பில் நின்றதில்லை.

இனி, இந்தப் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் வரும் பதில்களுக்கு வருகிறேன்.

"பல் துலக்க வைப்பது பெற்றோர் வேலை, பள்ளியின் வேலையா?"

சரி. கை கழுவுவது யார் வேலை? சத்துணவுக்கு முன் வரிசையாக நிற்க வைத்துக் கை கழுவ வைக்கிறோமே, அதைப் பெற்றோர் வேலை என்று விட்டோமா? சாப்பாடு போடுவது யார் வேலை? 1982-ல் சத்துணவை ஊரெல்லாம் விரித்த மாநிலம் இது. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கி, அடுத்த வருஷமே எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் கொண்டு போனோம். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று ஒத்துக்கொண்டதால் செய்தோம். பல் வலிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஏறுமா? அதிகாலையில் நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் பஸ் பிடிக்க ஓடும் அம்மாவிடம் போய் "நீங்கள் பக்கத்தில் நின்று இரண்டு நிமிஷம் துலக்கி விடவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிதான் உண்டு.

ஏழு, எட்டு வயதுவரை பிள்ளையின் கைக்குத் தானாக ஒழுங்காகத் துலக்கும் லாவகம் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷூ லேஸ் கட்டத் தெரியாத கை கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தை எப்படித் தேய்க்கும்? "நீயே துலக்கிக்கோ, நீ பெரிய பிள்ளை" என்று ஐந்து வயதில் கைகழுவி விடுவது செல்லமும் இல்லை, கண்டிப்பும் இல்லை. சோம்பல்.

"நேரம் இல்லை."

இரண்டு நிமிஷம் துலக்க, வரிசை நிற்க, பிரஷ் கழுவ, எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம். பல் தினத்துக்கு நடனம் ஒத்திகை பார்க்க ஒரு வாரம் மத்தியான வகுப்பு போகிறதே, அந்த நேரம் எங்கிருந்து வந்தது?

"தண்ணீர் வசதி இல்லை."

துப்பினால் போதும். கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் பல்லின்மேல் தங்க வேண்டிய ஃப்ளூரைடும் போய்விடும் என்றுதான் பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிரஷ் அலசத் தண்ணீர் இருந்தால் வேலை முடிந்தது.

"ஒருவர் பிரஷ் இன்னொருவருக்கு மாறிவிடும், தொற்று வரும்."

நியாயமான கவலை. பிரஷ்ஷில் பெயர் எழுதுங்கள், எழுதப் படிக்காத வயது என்றால் ஒரு படம் ஒட்டுங்கள். ஒன்றோடு ஒன்று உரசாமல் நிமிர்த்தி, காற்றாட வையுங்கள். டியூபிலிருந்து நேராகப் பிரஷ்ஷில் பிதுக்காமல், சுத்தமான தட்டில் பொட்டுப் பொட்டாக வைத்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கன்வாடியில் இருபது டம்ளரைக் கலக்காமல் வைத்துக்கொள்ளும் ஆயாம்மாவுக்கு இது ஒரு பொருட்டா?

"ஃப்ளூரைடு விஷமாமே, தர்மபுரியைப் பாருங்கள்."

பார்த்திருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்து, பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் அளவைப் பாருங்கள். நம் நாட்டில் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கக் கூடாது. 1000 பிபிஎம் பேஸ்ட்டில் பட்டாணி அளவு எடுத்தால் கால் மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் அரிசி அளவு பூசினால் போதும். பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் கத்துவது இதற்கும் சேர்த்துத்தான், பழ வாசனைப் பேஸ்ட்டை மிட்டாய் போலத் தின்னும் பிள்ளைகள் உண்டு. உங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் என்றால் பல் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மற்ற ஊர்களில் பயந்துகொண்டு ஃப்ளூரைடு இல்லாத பேஸ்ட் வாங்குவது, குடை கனக்கிறது என்று மழையில் நனைவது மாதிரி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஃப்ளூரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

"எங்க தாத்தா வேப்பங்குச்சியில்தான் துலக்கினார், எண்பது வயசுல கரும்பு கடிச்சார்."

இது கட்டாயம் கமெண்டில் வரும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற பழமொழியை நானும் வகுப்பில் சொன்னவள்தான். தாத்தாவுக்கு என் வணக்கம். அவர் ஐந்து வயதில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். கம்பு, கேழ்வரகு, பழைய சோறு. மிட்டாய் என்றால் திருவிழாவுக்குத் திருவிழா. காலையில் கால் மணி நேரம் குச்சியை மென்றுகொண்டே காட்டுப் பக்கம் நடந்தார். தாத்தாவின் குச்சி வேண்டும் என்றால் தாத்தாவின் சாப்பாட்டையும் சேர்த்துப் பேரனுக்குக் கொடுங்கள். சாப்பாடு ஆறு வேளை பிஸ்கட், துலக்க மட்டும் வேப்பங்குச்சி என்றால் வேப்ப மரம் என்ன செய்யும்?

பதில் போதும். செய்து காட்டிய நாடுகளைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் "சைல்ட்ஸ்மைல்" என்று ஒரு திட்டம். நர்சரியில் பிள்ளைகள் தினமும் ஆசிரியர் முன்னால் ஃப்ளூரைடு பேஸ்ட்டால் துலக்குகிறார்கள், துப்புகிறார்கள், பிரஷ்ஷை மாட்டுகிறார்கள். 2003-ல் ஒன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் கண்ணுக்குத் தெரிந்த சொத்தை இல்லாதவர்கள் 100-க்கு 45 பேர். இப்போது 70-ஐத் தாண்டிவிட்டது. துலக்க வைக்க ஆன செலவைவிடச் சிகிச்சையில் மிச்சமான பணம் அதிகம். பணக்கார நாடு என்று சொல்வீர்கள். பிலிப்பைன்ஸ் பணக்கார நாடா? அங்கே அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கூட்டமாக நின்று சோப்பால் கை கழுவுவதையும் பேஸ்ட்டால் பல் துலக்குவதையும் தினசரிப் பள்ளி வேலையாகவே கொண்டுவந்தார்கள். ஜப்பானில் பல பள்ளிகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் பிரஷ்ஷை எடுப்பார்கள். எண்பது வயதில் சொந்தப் பல் இருபதாவது இருக்க வேண்டும் என்று அந்த நாடு 1989-ல் ஓர் இயக்கமே தொடங்கியது. எண்பது வயதுக்கான வேலையை ஆறு வயதில் ஆரம்பிக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி உலகத்தில் பால் பல் சொத்தை உள்ள பிள்ளைகள் 51 கோடிக்கு மேல். நம் நாட்டில் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பிலேயே ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. பாதி வகுப்புக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு லீவு விட்டிருப்போம். பாதி வகுப்புக்குப் பல் சொத்தை என்றால் ஓவியப் போட்டி வைக்கிறோம்.

அரசுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். காலை உணவு போடும் ஒவ்வொரு ஆரம்பப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும், சாப்பிட்டு முடித்ததும் பல் துலக்குவதை அட்டவணையில் சேருங்கள். பிரஷ்ஷும் பேஸ்ட்டும் நோட்டுப் புத்தகத்தோடு இலவசமாக வரட்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கிறது, சீட்டும் எழுதித் தருகிறது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போக அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். அதனால் பல சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கிழிந்து போகிறது. சொத்தை வந்த பிறகு சீட்டு எழுதுவதைவிட வராமல் தடுப்பது மலிவு.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தலைமை ஆசிரியர்களே, பிறந்தநாளுக்கு மிட்டாய் வேண்டாம், முடிந்தவர் வகுப்புக்கு ஒரு டியூப் பேஸ்ட் வாங்கித் தரட்டும் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். நான் கடைசி ஆறு வருஷம் அப்படித்தான் செய்தேன். முதல் மாதம் முணுமுணுத்தார்கள். மூன்றாம் மாதம் "எங்க புள்ள பேஸ்ட்டு எப்ப டீச்சர் தொறப்பீங்க" என்று கேட்டார்கள். பிறந்தநாள் பிள்ளைதான் அன்றைக்குத் தட்டில் பொட்டு வைக்கும். ராஜ மரியாதை!

ஆசிரியர்களே, நன்றாகப் படித்தால் மிட்டாய், அழாமல் இருந்தால் மிட்டாய் என்று கொடுப்பதை நிறுத்துங்கள். ஸ்டார் போடுங்கள், தட்டிக் கொடுங்கள், மணி அடிக்க விடுங்கள். மணி அடிக்கக் கிடைத்த வாய்ப்பை எந்தப் பிள்ளையும் மிட்டாய்க்கு விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

பெற்றோர்களே, உங்களுக்கு மூன்று. ராத்திரி துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். எட்டு வயதுவரை ராத்திரி நீங்களே துலக்கி விடுங்கள், காலையில் அது விளையாடட்டும். இன்றைக்கே நடுக்கோட்டிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஆறாவது வந்துவிட்டதா என்று கமெண்டில் எழுதுங்கள். தாத்தாவின் கரும்புக் கதையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.